நகல் இருக்கிறது, மீட்க முடியுமா?

(நிறுவனக் கணினி அமைப்புகள் பற்றிப் பொது அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிறுவனக் கணினித் துறையின் முக்கியமான சொற்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சர்வர், ஸ்டோரேஜ், ரெய்டு, ரெப்ளிகேஷன், ஸ்னாப்ஷாட், பேக்கப், ரான்சம்வேர், சைபர் ரெசிலியன்ஸ் என்று பட்டியல் நீளமானது. அகராதி வரிசையில் ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லிக்கொண்டு போனால் உங்களில் பாதிப் பேர் காப்பி குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். அதனால் வேறு வழியில் போகிறேன்.

இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆபத்தைச் சமாளிக்கப் பிறந்தவை. எந்தச் சொல் எந்த ஆபத்துக்கு என்பது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். ஓர் ஆபத்துக்காக வாங்கிய கருவி இன்னோர் ஆபத்தையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியவர்கள்தான் தரவை இழந்திருக்கிறார்கள். அவர்களில் உலகப் பெரும் நிறுவனங்களும் உண்டு, அரசாங்கங்களும் உண்டு.

ஆபத்துகளை நான்காகப் பிரிக்கலாம். உறுப்பு பழுதாவது, இடமே அழிவது, கையோ மென்பொருளோ தவறுவது, பகைவன் உள்ளே நுழைவது.

உறுப்பு பழுதானால்

சர்வர் என்பது ஒரே நேரத்தில் பலருக்கு வேலை செய்துகொடுக்கும் கணினி. அதனிடம் நாம் முதலில் எதிர்பார்ப்பது நிற்காமல் ஓடுவதை. அதனால்தான் அதற்குள் பவர் சப்ளை இரண்டு, நெட்வொர்க் இணைப்பு இரண்டு, மின்விசிறிகள் பல. ஒன்று போனால், ஓட்டத்தை நிறுத்தாமலே கழற்றி மாற்றலாம். 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வழியில் வந்த மெயின்ஃப்ரேம்கள் இந்தக் கொள்கையை வெகுதூரம் கொண்டுபோனவை. பெரிய வங்கிகள் பல இன்றும் கணக்கு வழக்கை அவற்றில் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிற்காமல் ஓடுவதைச் சதவீதத்தில் சொல்வார்கள். 99.9 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றுபோக அதில் இடமிருக்கிறது. 99.999 என்றால் ஆண்டுக்கு ஐந்தேகால் நிமிடம். இரண்டுக்கும் விலையில் உள்ள தூரம் பெரிது.

சர்வரில் அதிகம் பழுதாகும் உறுப்புகளில் ஒன்று டிஸ்க். 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து வைக்கலாம், அவற்றில் ஒன்று செத்தாலும் தரவு சாகாதபடி எழுதலாம் என்பது அவர்கள் கண்ட வழி. அதுதான் ரெய்டு. ஒரு முறையில், எழுதுவதையெல்லாம் இரண்டு டிஸ்க்கில் எழுதுவார்கள். இன்னொரு முறையில், தரவோடு ஒரு சரிபார்ப்புக் கணக்கையும் டிஸ்க்குகளில் பரப்பி எழுதுவார்கள்; ஒரு டிஸ்க் போனால் மிச்சமுள்ளவற்றை வைத்துக் கணக்குப் போட்டு, போனதைத் திரும்ப வரவழைக்கலாம்.

அருமையான வழிதான். ஆனால் ஒரு கோப்பை நீங்கள் தவறுதலாக அழித்தால், ரெய்டு அந்த அழிப்பையும் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக நிறைவேற்றிவிடும். ‘எங்களிடம் ரெய்டு இருக்கிறது, பேக்கப் எதற்கு?’ என்று கேட்கும் நிர்வாகிகள் இன்னும் இருக்கிறார்கள். ரெய்டு காப்பது டிஸ்க்கின் சாவிலிருந்து. அதோடு அதன் எல்லை முடிகிறது.

இடமே அழிந்தால்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுதாக எரிந்தது. அந்தக் கட்டடத்திலிருந்த சர்வர்களுக்கு எத்தனை பவர் சப்ளை இருந்து என்ன? வாடிக்கையாளர் சிலருடைய பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது. வீட்டுப் பத்திரத்தையும் அதன் ஜெராக்ஸையும் ஒரே பீரோவில் வைத்ததுபோல் ஆயிற்று. வழக்குகள் நீதிமன்றம் வரை போயின.

தென் கொரியாவில் நடந்தது இன்னும் பெரிது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜோன் நகரில் உள்ள தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பற்றியது. 709 அரசு அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் அலுவல் கோப்புகளைச் சேமித்துவைத்த ‘ஜி-டிரைவ்’ அழிந்தது. அதிலிருந்தது ஏறத்தாழ 858 டெராபைட். அதற்கு வெளியே எங்கும் பேக்கப் இல்லை. அளவு மிகப் பெரியது, வெளியே நகல் எடுக்கும்படி அமைக்கப்படவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். உலகின் முன்னணி மின்னணு நாடுகளில் ஒன்றில் இது நடந்தது. அறிவுக்கோ பணத்துக்கோ அங்கே பஞ்சமில்லை. ‘பெரிதாக இருக்கிறது’ என்ற காரணத்தால் ஒன்றை மட்டும் பேக்கப் ஏற்பாட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்கள்.

இந்த ஆபத்துக்கு உரிய சொல் ரெப்ளிகேஷன்: தரவை எழுத எழுத வேறோர் இடத்திலும் எழுதுவது. அதில் இரண்டு வகை. இரண்டு இடத்திலும் எழுதி முடித்த பிறகே ‘பணம் வரவு வைக்கப்பட்டது’ என்று சொல்வது ஒன்று. இங்கே எழுதியவுடன் சொல்லிவிட்டு, அங்கே சற்றுப் பிந்தி அனுப்புவது மற்றொன்று. முதல் வகையில் ஒரு பதிவுகூட இழப்பில்லை. அப்படியானால் எல்லாரும் அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே நேர்கோட்டில் 500 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப ஐந்து மில்லி நொடியாவது ஆகும். ஒவ்வொரு பதிவுக்கும் அவ்வளவு நேரம் காத்திருந்தால் ஆயிரக்கணக்கான பரிமாற்றங்கள் வரிசையில் தேங்கும். ஆகவே பக்கத்து மையத்துக்கு முதல் வகை, தொலைவில் உள்ள மையத்துக்கு இரண்டாம் வகை என்று இரண்டையும் சேர்த்து வைப்பதே வழக்கம். இங்கே எந்த விற்பனையாளரும் இயற்பியலை வெல்ல முடியாது.

கை தவறினால், நிரல் தவறினால்

மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்தது எல்லாப் பொறியாளர்களும் படிக்க வேண்டிய கதை. அதை மறைக்காமல் அந்த நிறுவனமே முழுதாக எழுதி வெளியிட்டது. ரெப்ளிகேஷன் சரியாக ஓடவில்லை என்று ஒரு பொறியாளர் இரண்டாவது தரவுத்தளத்தைச் சுத்தம் செய்து மறுபடி தொடங்கப் பார்த்தார். அழிக்கும் கட்டளையை அவர் தட்டியது முதன்மைத் தரவுத்தளத்தில். ஓரிரு நொடியில் தெரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட்.

சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினார்கள். நாள்தோறும் எடுக்கவேண்டிய பேக்கப் எடுக்கப்படவே இல்லை. பேக்கப் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமல் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றால் மின்னஞ்சலில் தெரிவிக்கும் ஏற்பாடு இருந்தது. அந்த மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் நிராகரித்துக்கொண்டிருந்தது. கிளவுடில் டிஸ்க் ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதி தரவுத்தளச் சர்வர்களுக்கு இயக்கப்படவில்லை. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு சோதனைக்காக எடுத்துவைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அந்த ஆறு மணி நேரத் தரவு போயிற்று, மற்றது மீண்டது. மீட்கும் வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள்.

ஸ்னாப்ஷாட் என்பது குறிப்பிட்ட ஒரு நொடியில் தரவு எப்படி இருந்தது என்று குறித்துவைப்பது. முழுவதையும் படியெடுப்பதில்லை; அதற்குப் பிறகு மாறியவற்றை மட்டும் தனியே வைத்துக்கொள்கிறது. அதனால் சில நொடியில் எடுக்கலாம், சில நிமிடத்தில் பின்னோக்கிப் போகலாம். கை தவறுவதற்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் பெரும்பாலும் அது மூலத் தரவு உள்ள அதே ஸ்டோரேஜ் பெட்டியில்தான் இருக்கும். பெட்டி போனால் அதுவும் போகும். பேக்கப் என்று சொல்ல வேண்டுமானால் நகல் வேறு பெட்டியில், வேறு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

மென்பொருளே தவறுவதும் உண்டு. 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேருடைய அஞ்சல் பெட்டி காலியாகத் தெரிந்தது. கூகுள் ஒவ்வோர் அஞ்சலுக்கும் பல தரவு மையங்களில் நகல் வைத்திருந்தது. ஸ்டோரேஜ் மென்பொருளில் புகுந்த ஒரு பிழை அந்த நகல்களையும் பாதித்துவிட்டது. திரும்பக் கொண்டுவந்தது எதிலிருந்து தெரியுமா? காந்த நாடாவிலிருந்து! 1952-இல் ஐபிஎம் கணினிகளோடு வந்த அந்தப் பழைய டேப் தொழில்நுட்பம் இன்னும் ஓய்வுபெறவில்லை. எல்டிஓ வரிசையின் ஒன்பதாம் தலைமுறை டேப் கேட்ரிஜ் ஒன்றில், சுருக்காமலே 18 டெராபைட் அடங்கும். சர்வரிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த டேப்பை எந்தப் பிழையும் எட்டித் தொட முடியாது.

இரண்டு அளவைகள்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் இரண்டு எண்களில் அளக்கிறார்கள். ஆர்.பி.ஓ. என்பது, எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்குவோம் என்ற வரம்பு. ஆர்.டி.ஓ. என்பது, நின்ற வேலை எவ்வளவு நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும் என்ற வரம்பு. முதலாவது விபத்துக்குப் பின்னோக்கி அளப்பது, இரண்டாவது விபத்திலிருந்து முன்னோக்கி.

இரண்டும் வேறு வேறு என்பதற்கு இலங்கையில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2023 ஆகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் கிளவுட் அமைப்பை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சேவையை மறுபடி ஓடவைத்துவிட்டார்கள். ஆர்.டி.ஓ. கணக்கில் அது நல்ல மதிப்பெண். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்துபோன அஞ்சல்கள் திரும்பவில்லை. இணைப்பிலிருந்த பேக்கப்பையும் ரான்சம்வேர் பூட்டிவிட்டது. இணைப்பில்லாத பேக்கப் அந்தக் காலத்துக்கு எடுக்கப்பட்டிருக்கவில்லை. சேவை அரை நாளில் வந்தது, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்து போயிற்று.

உங்கள் நிறுவனத்தில் இந்த இரண்டு எண்களையும் யார் முடிவுசெய்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஐடி பிரிவே ஒன்றைப் போட்டுவைத்திருக்கும். அது தவறு. ரத்தப் பரிசோதனை முடிவுகள் எத்தனை மணி நேரம் இல்லாமல் வார்டை நடத்தலாம் என்பது மருத்துவருக்குத் தெரியும். சம்பள நாளில் எத்தனை நிமிடம் கவுண்டரை நிறுத்தலாம் என்பது கிளை மேலாளருக்குத் தெரியும். எண்ணை அவர்கள் சொல்ல வேண்டும். அதற்கு என்ன செலவாகும் என்று ஐடி பிரிவு சொல்ல வேண்டும்.

பகைவன் நுழைந்தால்

இது மற்ற மூன்றிலிருந்தும் வேறுபட்டது. தீக்கு உங்கள் பேக்கப் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பகைவன் அதைத்தான் முதலில் தேடுவான்.

ரான்சம்வேர் 1989-இலேயே வந்தது. எய்ட்ஸ் பற்றிய தகவல் என்ற பெயரில் ஃப்ளாப்பி டிஸ்க்குகளைத் தபாலில் அனுப்பி, கணினியை முடக்கி, பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னார்கள். இன்று தபால் செலவும் இல்லை. ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வழக்கம் வந்த பிறகு தாக்குவதும் எளிதாகிவிட்டது. அவற்றைத் தாங்கும் அடித்தள மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். 2023 பிப்ரவரியில் விஎம்வேர் ஹைப்பர்வைசர்களைக் குறிவைத்து ஒரு தாக்குதல் நடந்தது. அடித்தளம் ஒன்றைப் பிடித்தால் மேலே ஓடும் கணினிகள் அனைத்தும் பிடிபட்டன. அதில் பயன்படுத்தப்பட்ட ஓட்டைக்குத் திருத்தம் வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது என்பதுதான் வேதனை.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பதிவு, அனுமதி எல்லாம் காகிதத்துக்குத் திரும்பின. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தரவு மீண்டது. ஆனாலும் பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரம் ஆயிற்று. நகல் கையில் இருந்தபோதே இவ்வளவு நாள்.

மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதை இன்னும் கூர்மையானது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகப் பரவிய நாட்பெட்யா என்னும் அழிவு மென்பொருள் அந்த நிறுவனத்தைச் சில மணி நேரத்தில் முடக்கியது. மும்பையை ஒட்டிய ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையமும் பாதிக்கப்பட்டது. ஊழியர் யார், யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்ற பதிவேட்டைக் காப்பவை டொமைன் கன்ட்ரோலர் என்னும் சர்வர்கள். மேர்ஸ்க்கிடம் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்றுக்கொன்று ஓயாமல் ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்ததால், ஒன்று போனால் இன்னொன்று என்று தனி பேக்கப் வைக்கவில்லை. எல்லாம் ஒரே நாளில் போகும் என்று யாரும் எண்ணவில்லை. கானாவில் ஒரே ஒரு சர்வர் மட்டும், தாக்குதல் நேரத்தில் மின்வெட்டால் நின்றிருந்ததால் பிழைத்தது. அங்கிருந்து இணையம் வழியே தரவை அனுப்ப நாட்கணக்கில் ஆகும் என்பதால், ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியா போய் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் இங்கிலாந்துக்குப் பறந்தார். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவினார்கள். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை. ஒரு மின்வெட்டு செய்த காரியத்தை அவர்களே திட்டமிட்டுச் செய்திருக்கலாம் என்பதுதான் இதில் பாடம்.

அப்படித் திட்டமிட்டுச் செய்வதற்குப் பெயர் ஏர் கேப். நகல் ஒன்றை நெட்வொர்க்கிலிருந்து பிரித்தே வைப்பது. அலமாரியில் உள்ள டேப் அதற்கு எளிய வடிவம். இதன் துணைச் சொல் இம்யூட்டபிள் பேக்கப்: ஒருமுறை எழுதினால், குறித்த நாள் வரை நிர்வாகியின் கடவுச்சொல் இருந்தாலும் மாற்றவோ அழிக்கவோ முடியாத நகல். பகைவன் திருடுவது அந்த நிர்வாகியின் கடவுச்சொல்லைத்தான் என்பதால் இது முக்கியம். பேக்கப் சர்வரின் கடவுச்சொல்லை மற்றச் சர்வர்களின் பதிவேட்டில் சேர்க்காமல் தனியே வையுங்கள். புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி நினைவில் நிற்கும்: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். இன்று அதோடு இன்னும் இரண்டைச் சேர்க்கிறார்கள்: அழிக்க முடியாத நகல் ஒன்று, சோதித்துப் பார்த்ததில் பிழை பூஜ்யம்.

மீளும் திறன்

சைபர் செக்யூரிட்டி பகைவனை வெளியே நிறுத்தப் பார்க்கிறது. சைபர் ரெசிலியன்ஸ் அவன் உள்ளே வந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறது. அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் இதை நான்கு திறன்களாகச் சொல்கிறது: முன்கூட்டி எண்ணுவது, தாக்கப்படும்போது தாங்குவது, மீள்வது, அந்த அனுபவத்தால் மாறுவது. 2024 ஜூலை 31 அன்று இந்தியாவில் சிறிய வங்கிகளுக்குத் தொழில்நுட்பம் வழங்கும் சி-எட்ஜ் நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியபோது, தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் அதன் இணைப்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ போன்ற வசதிகளை இழந்தார்கள். மறுநாள் திரும்பப் பெற்றார்கள். ஒரு பகுதியை வெட்டிவிட்டு மற்றதைக் காக்கும் முடிவை உடனே எடுக்க முடிந்தது. அதுவும் ரெசிலியன்ஸ்தான்.

மீள்வதில் மூன்று சிக்கல்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, எங்கே மீட்பது? லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தை 2023 அக்டோபரில் தாக்கினார்கள். பழைய தமிழ் அச்சு நூல்களும் உள்ள நூலகம் அது. டிஜிட்டல் சேகரிப்புகளுக்குப் பாதுகாப்பான நகல் இருந்தது. ஆனால் தாக்கியவர்கள் சர்வர்கள் சிலவற்றை அழித்துவிட்டார்கள். பழைய மென்பொருள்களைப் புதிய சூழலில் ஓட்ட முடியவில்லை. மீட்டுவைக்கத் தகுந்த அமைப்பு இல்லாததே பெரிய தடை என்று நூலகமே தன் அறிக்கையில் எழுதியது.

இரண்டாவது, எந்த நாள் நகலை மீட்பது? தாக்குபவர்கள் வந்த அன்றே பூட்டுவதில்லை. நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உள்ளே உலவுகிறார்கள். நேற்றைய நகலில் அவர்களுடைய நிரலும் சேர்ந்தே இருக்கலாம். எனவே நகலைத் தனிமைப்படுத்திய சூழலில் ஏற்றி, சோதித்து, பிறகே இணைக்க வேண்டும். பழைய நகல்களையும் வைத்திருக்க வேண்டும். தரவைத் திருடி வெளியிடுவோம் என்று மிரட்டினால் எந்த பேக்கப்பும் உதவாது. அதற்குத் தேவையில்லாத தரவைச் சேர்த்துவைக்காமல் இருப்பதும், வைத்ததைக் குறியாக்கம் செய்வதுமே வழி.

மூன்றாவது, எந்த வரிசையில் மீட்பது? பதிவேட்டுச் சர்வர் எழாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. நெட்வொர்க் எழாமல் தரவுத்தளம் பயன்படாது. இந்த வரிசையும் முக்கியமானவர்களின் தொலைபேசி எண்களும் காகிதத்தில் அச்சிட்டு இருக்க வேண்டும். கணினிக்குள் வைத்தால் தேவைப்படும் நாளில் அதுவும் பூட்டியிருக்கும். இந்திய நிறுவனங்கள் ஒன்றைக் கூடுதலாக எழுதிக்கொள்ளுங்கள்: கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுப்படி, தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவையும் வாங்கப் பணமில்லை என்று சிறிய மருத்துவமனைக்காரர்கள் நினைக்கலாம். முதல் வேலைக்குப் பெரிய செலவு இல்லை. இந்த மாதத்துக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். உங்கள் பேக்கப்பில் ஒன்றை எடுத்து, காலியான ஒரு கணினியில், அதை வழக்கமாகப் பார்ப்பவரின் உதவி இல்லாமல், எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்து மீட்டுப்பாருங்கள். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறியுங்கள். மீண்ட தரவில் கடைசிப் பதிவு எந்தத் தேதியுடையது என்று பாருங்கள். அந்த இரண்டும்தான் உங்கள் உண்மையான ஆர்.டி.ஓ., ஆர்.பி.ஓ. அவை நிர்வாகக் குழுவின் மேசைக்குப் போகட்டும். அடுத்து எதை வாங்குவது என்பதை அந்த எண்களை வைத்து நீங்கள் முடிவுசெய்யலாம். விற்பனையாளர் முடிவுசெய்ய வேண்டியதில்லை.